பவுடர் தடவ முடியாத லஞ்சம்

பேப்பரைத் திறந்தால் வாரத்துக்கு ஒன்றாவது இருக்கும். பட்டா மாற்ற 5,000 ரூபாய் கேட்ட வி.ஏ.ஓ., மின் இணைப்புக்கு 3,000 கேட்ட ஊழியர். புகார் கொடுத்தவரிடம் ரசாயனம் தடவிய நோட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். மறைந்திருக்கும் லஞ்ச ஒழிப்புத் துறை போலீசார் கையும் களவுமாகப் பிடிப்பார்கள். அந்த ரசாயனம் பினாப்தலின் என்கிற வெள்ளைப் பவுடர். நோட்டை வாங்கியவரின் விரல்களை சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து, சீல் வைத்து, கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள். படிக்கிற நமக்கும் ஒரு நிம்மதி. "நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம்.

அந்த நிம்மதி நியாயமானதுதான். டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பு ஆசியாவின் 17 நாடுகளில் கருத்துக்கணிப்பு நடத்தி 2020ல் வெளியிட்டது. இந்தியாவில் அரசு சேவையை நாடிப் போனவர்களில் 39 சதவீதம் பேர் முந்தைய 12 மாதங்களில் லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னார்கள். கணக்கெடுத்த நாடுகளிலேயே அதுதான் அதிகம். அரசில் ஊழல் பெரிய பிரச்சினை என்று சொன்னவர்கள் 89 சதவீதம். ஊழலுக்கு எதிராகக் கடுமையான சட்டம் வேண்டுமா என்று இங்கே யாரையும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் தூக்குத் தண்டனை வரைக்கும் போய்விடுவார்கள்.

ஆனால் இந்தக் கோபம் முழுக்க கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் மேல்தான். இந்தப் பக்கம் நின்று பணம் நீட்டுவது முதியோர் உதவித்தொகைக்கு அலையும் பாட்டியா, பல்லாயிரம் கோடி புரளும் கம்பெனியா என்று நாம் பிரித்துப் பார்ப்பதே இல்லை. கம்பெனி கொடுத்தால் "பாவம், கொடுக்காம தொழில் நடத்த முடியுமா?" என்கிறோம். கம்பெனி லஞ்சத்துக்கு எதிரான சட்டம் நம் நாட்டில் பலவீனமாக இருப்பதற்கு இந்தப் பரிதாபமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சென்னையிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூர் பக்கம், அமெரிக்க ஐ.டி. நிறுவனமான காக்னிசன்ட் பெரிய வளாகம் ஒன்றைக் கட்டியது. 27 லட்சம் சதுர அடி, 17,500 பேர் உட்கார்ந்து வேலை செய்ய இடம். 2014ல் அந்த வளாகத்துக்கான திட்ட அனுமதிக்காகத் தமிழ்நாட்டில் ஓர் அரசு அதிகாரி 20 லட்சம் டாலர் கேட்டதாகவும், நிறுவனத்தின் மேல்மட்டமே அதற்குச் சம்மதித்ததாகவும் அமெரிக்காவின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பின்னாளில் சொன்னது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 12 கோடி ரூபாய். அதிகாரி யார் என்று அந்த ஆணையம் பெயர் சொல்லவில்லை.

அந்தப் பணம் போன வழியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆணையத்தின் ஆவணத்தின்படி, காக்னிசன்ட் நேரடியாக யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்த நிறுவனத்திடம் "நீங்கள் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு நாங்கள் தந்துவிடுகிறோம்" என்று ஏற்பாடு. எப்படித் தருவது? பெரிய கட்டுமானத்தில் முதலில் பேசிய வேலைக்கு மேல் ஏதாவது கூடுதலாகச் செய்தால் தனியாக எழுதி வாங்குவார்கள். சைட்டில் அதற்கு சேஞ்ச் ஆர்டர் என்று பெயர். இந்தச் சுவரை நகர்த்தினோம், அந்தத் தரையை மாற்றினோம் என்று ஒரு பட்டியல். நூற்றுக்கணக்கான வரிகள் உள்ள அப்படிப்பட்ட பட்டியலுக்குள் இந்தப் பணத்தையும் சேர்த்துவிட்டார்கள். ஒப்பந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது 25 லட்சம் டாலர். லஞ்சத்துக்கு 20 லட்சம், அலைந்ததற்கு 5 லட்சம். இது போக சிறுசேரி வளாகத்துக்கும் புனே வளாகத்துக்கும் சேர்த்து இன்னும் 16 லட்சம் டாலருக்கு மேல்.

இதில் எந்த நோட்டில் பவுடர் தடவுவது? கை மாறுவதே ஒரு பில். ஆடிட்டர் முன்னால் தைரியமாக வைக்கிற பில். யார் விரலை எந்தக் கரைசலில் முக்கினாலும் தண்ணீர் நிறம் மாறாது.

அப்புறம் எப்படி வெளியே வந்தது? கம்பெனியே போய்ச் சொன்னது. 2016 செப்டம்பர் கடைசியில், தன் உள்விசாரணையைப் பற்றி காக்னிசன்ட் பகிரங்கமாக அறிவித்தது. அன்றைக்கே அதன் தலைவர் பதவி விலகிய செய்தியும் வந்தது. பங்கு விலை சரிந்தது. மனசாட்சி உறுத்தியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்குள்ள சட்டம் அப்படிச் சொல்ல வைக்கிற மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்தது தெரிந்தால் கம்பெனியே மாட்டும். தானாக முன்வந்து சொன்னால் தண்டனை குறையும். 2019 பிப்ரவரியில் 2.5 கோடி டாலர், அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 178 கோடி ரூபாய், கட்ட காக்னிசன்ட் ஒப்புக்கொண்டது. குற்றச்சாட்டை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. முன்வந்து சொன்னதைக் கணக்கில் எடுத்து, கம்பெனி மேல் குற்ற வழக்குப் போடாமல் அமெரிக்க நீதித் துறை விட்டுவிட்டது. இரண்டு முன்னாள் மேலதிகாரிகள் மேல் மட்டும் நியூ ஜெர்சியில் வழக்குத் தொடர்ந்தது. அவர்கள் குற்றத்தை மறுத்தார்கள்.

நடந்ததாகச் சொல்லப்படும் இடம் சோழிங்கநல்லூர். கெட்டுப்போனது நம் ஊர் திட்ட அனுமதி முறை. காக்னிசன்ட் கட்டிய பணம் போய்ச் சேர்ந்தது அமெரிக்கக் கருவூலத்துக்கு.

கதை அதோடு முடியவில்லை. 2025 பிப்ரவரி 10 அன்று அதிபர் டிரம்ப் ஓர் உத்தரவு போட்டார். வெளிநாட்டு லஞ்சச் சட்டத்தின் நடவடிக்கைகளை நிறுத்தி வைக்க வேண்டும், அமெரிக்க கம்பெனிகள் வெளிநாட்டில் போட்டி போட அது தடையாக இருக்கிறது என்று அதில் சொல்லியிருந்தது. ஏப்ரலில் அந்த இருவர் மேலான வழக்கும் அரசுத் தரப்பின் வேண்டுகோளின்படி கைவிடப்பட்டது, மறுபடியும் தொடர முடியாத விதத்தில். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதால் அவர்களைக் குற்றவாளி என்று யாரும் சொல்ல முடியாது. அது சரி. எனக்கு உறுத்துவது வேறு. நம் ஊரில் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு விஷயம் விசாரிக்கப்படுமா படாதா என்பது வாஷிங்டனில் ஒருவர் போடும் கையெழுத்தில் இருந்தது. நமக்கான நியாயத்தை அடுத்த வீட்டுக்காரர் சட்டத்தில் எதிர்பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

அந்த அமெரிக்கச் சட்டம் பிறந்ததே மக்கள் கொதித்ததால்தான். அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் விசாரணையில் கம்பெனிகளின் ரகசியப் பணம் வெளியே வந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனபோது 400க்கும் மேற்பட்ட கம்பெனிகள், மொத்தம் 30 கோடி டாலருக்கு மேல் சந்தேகத்துக்குரிய விதத்தில் கொடுத்ததை ஒப்புக்கொண்டன. லாக்ஹீட் விமான நிறுவனத்திடம் பணம் வாங்கியதாக ஜப்பானின் முன்னாள் பிரதமர் டனாகா 1976ல் கைதானார். அமெரிக்க மக்களுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. 1977 டிசம்பரில் சட்டம் வந்துவிட்டது. மற்ற பணக்கார நாடுகள் அப்போதும் நகரவில்லை. ஜெர்மனியில் 1999 வரை வெளிநாட்டில் கொடுக்கும் லஞ்சத்தை வியாபாரச் செலவாகக் காட்டி வரி கழித்துக்கொள்ள முடிந்தது.

பிரிட்டனில் இன்னும் நேரடியாக நடந்தது. சவூதி அரேபியாவுக்குப் போர் விமானம் விற்றதில் பி.ஏ.இ. என்ற ஆயுதத் தயாரிப்பு நிறுவனம் லஞ்சம் கொடுத்ததா என்ற விசாரணையை, தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2006 டிசம்பரில் அரசு நிறுத்தியது. மக்கள் அமைப்புகள் வழக்குப் போட்டன. உயர் நீதிமன்றத்தில் ஜெயித்து, மேல் முறையீட்டில் தோற்றன. வழக்கில் தோற்றாலும் அந்தக் கேள்வி அடங்கவில்லை. 2010ல் புதிய லஞ்சச் சட்டம் வந்தது. அதன் 7வது பிரிவை நம் ஊர் எம்.எல்.ஏ.க்கள் எல்லோரும் ஒரு முறை படித்தால் நன்றாக இருக்கும். கம்பெனி லஞ்சம் கொடுக்கச் சொன்னதா என்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. கம்பெனிக்காக வேலை செய்த யாரோ ஒருவர், அது ஏஜென்ட்டாக இருந்தாலும் சரி, அதன் லாபத்துக்காக லஞ்சம் கொடுத்தால், "தடுக்கத் தவறினாய்" என்பதே குற்றம். தடுக்க ஒழுங்கான ஏற்பாடு வைத்திருந்தேன் என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. "எங்களுக்குத் தெரியாது, கான்ட்ராக்டர் பண்ணிட்டார்" என்ற பதிலுக்கு அங்கே இடமில்லை.

அந்தப் பிரிவில் மாட்டிய பெரிய மீன், விமானம் தயாரிக்கும் ஐரோப்பிய நிறுவனமான ஏர்பஸ். 2020 ஜனவரி கடைசியில் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றுக்கும் சேர்த்து 360 கோடி யூரோ கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதில் ஓர் அத்தியாயம் இலங்கையைப் பற்றியது. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் விமானம் வாங்குவதற்காக, அந்த நிறுவனத்தின் நிர்வாகி ஒருவருடைய மனைவியையே ஏர்பஸ் தன் வியாபாரக் கூட்டாளியாக வைத்துக்கொண்டது. புரூனையில் பதிவான அவருடைய கம்பெனிக்கு 1.68 கோடி டாலர் வரை தருவதாகப் பேச்சு. 20 லட்சம் டாலர் கொடுத்தும் ஆயிற்று. பிரிட்டனின் ஏற்றுமதிக் கடன் துறை கேட்டபோது அவருடைய பெயரை மறைத்தார்கள். அவர் பெண் என்பதைக்கூட மறைத்தார்கள். ஒரு விமான கம்பெனியின் கோப்பில், ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒருவரின் பாலினத்தையே மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு இரண்டாவது முறை படிக்க வேண்டியிருந்தது. இந்த 360 கோடி யூரோவும் அந்த மூன்று நாடுகளுக்குத்தான். நஷ்டத்தில் ஓடிய விமான நிறுவனத்தை வரிப்பணத்தில் தூக்கிப் பிடித்த இலங்கை மக்களுக்கு அந்த ஒப்பந்தத்தில் பங்கு கிடையாது.

ஆனால் இலங்கையில் மக்கள் சும்மா இருக்கவில்லை. 2022ல் எரிவாயு சிலிண்டருக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்றவர்கள் கொழும்பு கடற்கரையில் உள்ள காலி முகத்திடல் என்ற திடலுக்குப் போனார்கள். பணம் எங்கே போனது என்று கேட்டார்கள். ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே ஓடினார். அடுத்த ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம், 2023ஆம் ஆண்டின் 9ஆம் எண், நிறைவேறியது. சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனையும் அதற்குப் பின்னால் இருந்தது, உண்மைதான். ஆனால் தெருவில் கூட்டம் இல்லாதிருந்தால் அந்த நிபந்தனையையும் இழுத்தடித்திருப்பார்கள். அந்தச் சட்டத்தில் தனியார் துறைக்குள் நடக்கும் லஞ்சமும் குற்றம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருகிறேன்.

இந்தியாவிலும் ஒரு தெருக்கூட்டம் இருந்தது. 2011 ஏப்ரலில் டெல்லி ஜந்தர் மந்தரிலும், ஆகஸ்டில் ராம்லீலா மைதானத்திலும் அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. கல்லூரிப் பிள்ளைகளும் ஐ.டி. ஊழியர்களும் மெழுகுவர்த்தி ஏந்தினார்கள். அவர்கள் கேட்டது லோக்பால். அதாவது, அமைச்சரையும் அதிகாரியையும் விசாரிக்க ஓர் அமைப்பு. சட்டம் 2013 டிசம்பரில் நிறைவேறியது. முதல் லோக்பால் பதவியேற்றது 2019 மார்ச்சில். அந்த மேடையில் கம்பெனிகளைப் பற்றியும் பேசினார்கள்தான், ஆனால் கூட்டத்தின் கோஷம் முழுக்க வாங்குகிறவனைப் பற்றி. கொடுக்கிற கம்பெனியைப் பற்றி அந்த வேகத்தில் ஒரு கோஷம்கூட என் காதில் விழுந்ததாக நினைவில்லை.

கொடுக்கிறவர் பற்றிய சட்டத் திருத்தம் வேறு பாதையில் வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையை இந்தியா 2011 மே மாதம் ஏற்றது. அதற்கேற்ப 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும். மசோதா 2013ல் மாநிலங்களவைக்கு வந்தது. ஐந்து ஆண்டுகள் கிடந்தது. 2018 ஜூலையில் நிறைவேறியது. அதற்காக யாரும் உண்ணாவிரதம் இருக்கவில்லை, மெழுகுவர்த்தியும் ஏந்தவில்லை. யாரும் கவனிக்காதபோது எழுதுகிற சட்டம் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது அது.

பழைய சட்டத்தில் லஞ்சம் கொடுப்பது தனிக் குற்றமே இல்லை. உடந்தை என்ற பிரிவில்தான் வரும். வாங்கிய அதிகாரி மேலான வழக்கில் "ஆமாம், நான் கொடுத்தேன்" என்று சாட்சி சொன்னால் கொடுத்தவர் தப்பிவிடலாம். சோழிங்கநல்லூர் விவகாரம் நடந்ததாகச் சொல்லப்படும் 2014ல் நம் சட்டம் இந்த நிலையில்தான் இருந்தது. 2018 திருத்தம் கொடுப்பதையும் குற்றமாக்கியது. ஏழு ஆண்டு வரை சிறை. கட்டாயப்படுத்திக் கேட்டதால் கொடுத்தேன் என்றால், ஏழு நாளுக்குள் போலீசிலோ விசாரணை அமைப்பிலோ சொல்ல வேண்டும். கம்பெனிகளுக்கு 9வது பிரிவு: அதன் சார்பில் யாராவது அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுத்தால் கம்பெனிக்கு அபராதம். அடுத்த 10வது பிரிவின்படி, இயக்குநர் சம்மதித்தார் என்று நிரூபித்தால் அவருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை.

காகிதத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே போனால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். பிரசவ வார்டில் குழந்தையைக் காட்ட 500 ரூபாய் கேட்கிறார்கள், அழுதுகொண்டே கொடுக்கிறாள் ஒரு தாய். அவளுக்கும் அதே ஏழு நாள்தான், வக்கீல் படையே வைத்திருக்கும் கம்பெனிக்காரருக்கும் அதே ஏழு நாள்தான். பச்சைக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு நாளில் போலீஸ் ஸ்டேஷனுக்கு யார் போவார்கள்? எளியவர்களை இந்தச் சட்டம் பயமுறுத்துகிறது. கம்பெனிக்கோ அபராதம் என்று மட்டும் சொல்கிறது. குறைந்தபட்சம் எவ்வளவு என்றுகூட இல்லை. 12 கோடி கொடுத்து 200 கோடி மிச்சம் பிடித்த கம்பெனிக்கு ஒரு கோடி அபராதம் போட்டாலும் சட்டப்படி அது அபராதம்தான்.

இன்னொன்று. ஒழுங்கான தடுப்பு ஏற்பாடு வைத்திருந்தால் கம்பெனி தப்பலாம் என்று நம் சட்டமும் சொல்கிறது. எது ஒழுங்கான ஏற்பாடு என்று மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பிரிட்டனில் சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பே அதை வெளியிட்டார்கள். இங்கே சட்டம் அமலுக்கு வந்து ஆண்டுகள் ஓடின, அந்த வழிகாட்டுதல் வரவில்லை. பரீட்சை இருக்கிறது, பாடத்திட்டம் இல்லை. நேர்மையாக நடக்க நினைக்கிற கம்பெனிக்கும் இது அநியாயம்.

நம் கம்பெனி வெளிநாட்டுக்குப் போய் அங்குள்ள அதிகாரிக்குப் பணம் கொடுத்தால்? அதைக் குற்றமாக்க 2011 மார்ச்சில் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. 2014ல் அவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. கட்சிகளுக்குக் கம்பெனிகள் கொடுக்கும் நன்கொடை இன்னொரு கதவு. முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கொடுக்கலாம் என்று இருந்த வரம்பை 2017ல் எடுத்தார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று ஆனது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் தேர்தல் பத்திரத்தோடு சேர்த்து இதையும் ரத்து செய்தார்கள். பத்திர விவரங்கள் வெளிவந்த அந்த மார்ச் மாதத்தில்தான், எந்தக் கம்பெனி யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று சாதாரண மக்கள் செல்போனில் தேடிப் படித்ததை நான் முதல் முறையாகப் பார்த்தேன். ரயிலில் பக்கத்து சீட்டில் இருந்தவர் பட்டியலைக் காட்டி, "இந்தக் கம்பெனி மருந்தைத்தாங்க நான் சாப்பிடுறேன்" என்றார். கொடுக்கிறவன் மேல் கேள்வி திரும்ப ஆரம்பித்தால் அது இப்படித்தான் ஆரம்பிக்கும்.

சேஞ்ச் ஆர்டருக்குள் ஒளித்து வைத்த பணத்தை வெளியே இருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே கணக்கு எழுதுகிறவருக்குத்தான் தெரியும். அவர் வாயைத் திறந்தால் அவருக்கு என்ன பாதுகாப்பு? நெடுஞ்சாலைப் பணிகளில் நடந்த முறைகேட்டை எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு எழுந்த குரலால்தான் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் 2014ல் ஜனாதிபதியின் ஒப்புதல் வரைக்கும் போனது. அதை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. அப்படியே வந்தாலும் அது அரசு ஊழியர் பற்றிய புகாருக்குத்தான். தனியார் கம்பெனியின் கணக்காளரைக் காப்பாற்றாது.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் டைல்ஸ் வேலை எடுத்துச் செய்கிறார். பெரிய அடுக்குமாடிகளுக்கு, இருபது முப்பது ஆட்களை வைத்து. அவருடைய நோட்டில் சிமென்ட், மணல், கூலி, வண்டி வாடகை என்று வரிசையாக எழுதி, கடைசியில் "சைட் செலவு" என்று ஒரு வரி இருக்கும். அது என்ன அண்ணே என்று கேட்டேன். வேலை கொடுக்கும் கட்டட கம்பெனியின் பர்சேஸ் மேனேஜருக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய். கொடுக்காவிட்டால் பில் மேசையிலேயே கிடக்கும். "அதை ஈடுகட்ட ரேட்டை ஏத்தித்தான் போடணும் தம்பி. கடைசியில வீடு வாங்குறவன் தலையிலதான்."

லஞ்ச ஒழிப்புத் துறையில் சொல்லலாமே என்றேன். அவர் ஏற்கெனவே போன் செய்து பார்த்திருக்கிறார். அவர் அரசு ஊழியரா என்று கேட்டார்களாம். இல்லை என்றதும் இது எங்கள் வரம்பில் வராது என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்களாம். அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. ஒரு கம்பெனிக்காரர் இன்னொரு கம்பெனிக்காரரிடம் வாங்கினால் நம் ஊழல் தடுப்புச் சட்டத்தில் அதற்குப் பிரிவு கிடையாது. மோசடி, நம்பிக்கைத் துரோகம் என்று வேறு சட்டத்தில் சுற்றி வளைத்துப் போக வேண்டும். இதே மூன்று ரூபாயைக் கொழும்பில் ஒரு பர்சேஸ் மேனேஜர் கேட்டிருந்தால், அந்த 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே புகார் எடுத்துக்கொள்ள இடம் உண்டு என்று சொன்னேன்.

"சிலோன்லயா?" என்று கேட்டுவிட்டு நோட்டை மூடி வண்டிக்குள் வைத்தார். அடுத்த வாரம் பல்லாவரத்தில் ஒரு புது சைட் ஆரம்பிக்கிறது. அதற்கான மதிப்பீட்டில் சைட் செலவையும் சேர்த்துத்தான் போட்டிருந்தார்.